புட்டு மாவும் உலு கிளாங் மலையும்

மலேசியாவின் அம்பாங்கிலிருந்து புக்கிட் அந்தாராபங்சாவுக்கு ஏறினால், வெட்டிய செம்மண் சரிவுகளும் அவற்றைத் தாங்கும் கான்கிரீட் சுவர்களும் தென்படும். சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்த் துளைகள். சுவரின் கனத்தைப் பார்த்து நிம்மதியடைகிறோம். எனக்கென்னவோ அந்தத் துளைகள்மேல்தான் கண்.

இந்த வட்டாரத்து உலு கிளாங் மலைகள் கருங்கல் மலைகள். வெயிலும் மழையும் யுகக்கணக்கில் அரித்ததில், மேற்பாறை உளுத்து ஆழமான மண்ணாகிவிட்டது. புட்டுக்கு மாவு பிசைந்தவர்களுக்கு இம்மண்ணின் குணம் புரியும். காய்ந்த மாவு உதிரும். அளவாய் நீர் தெளித்தால் பிடித்த பிடியில் நிற்கும். நீர் கூடினால் குழைந்துவிடும். ஈரமண்ணில் துகள்களை இழுத்துப் பிடித்திருப்பதே அவற்றுக்கிடையிலுள்ள நீர்தான். நாள்கணக்கில் மழை இறங்கி இடைவெளியெல்லாம் நிரம்பினால், அதே நீர் துகள்களை விலக்கித் தள்ளும். மண்ணின் பாரமும் ஏறும். நீர் ஆழத்துக்குப் போகச் சற்று நேரமாகும் என்பதால், மழை விட்டு வெயிலடிக்கும்போதும் மலை சரியலாம்.

பனிமலைகளும் சரியும், காரணம்தான் வேறு. பழைய பனிக்குள் சர்க்கரைபோல் உதிரும் படலம் ஒன்றிருக்கும். அதன்மேல் புதுப்பனி இறுகிப் பலகையாகும். 30 முதல் 45 பாகைச் சாய்வில், ஒரு மனிதன் கால்வைத்தாலே பலகை முறிந்து வழுக்கலாம். 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமெண்டின் 10 வீரர்களைக் கொண்டுபோனது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

மலேசியாவில் நமக்குப் பனி இல்லை, டிசம்பர் மழை உண்டு. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம், இதே உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்மலையில் மரங்களை வெட்டியிருந்தார்கள். ஓடையைக் குழாய்வழி திருப்பியிருந்தார்கள். வடிய வழியில்லாத நீர் சரிவுக்குள் ஊறியது. தடுப்புச் சுவர்கள் இடிந்தன; நகர்ந்த மண் அடித்தளத்தையே தள்ளிவிட்டது. 2022 டிசம்பர் 16 விடியுமுன், பத்தாங் காலி முகாமில் கூடாரங்களில் உறங்கியவர்கள்மேல் மலை இறங்கியது. 31 பேர் மாண்டார்கள்.

சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்கள் தரையில் புதுவெடிப்பு, சாயும் மரம், சேறாக வரும் ஊற்று ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கொட்டும் மழையிலும் சுவர்த்துளை ஒழுகாவிட்டால் அதைவிடக் கவலை. புல்வேர் அடைத்திருக்கலாம், உள்ளே நீர் தேங்குகிறது என்று பொருள். தெரிந்த பெரியவர் ஒருவர் மழைக்காலம் தொடங்குமுன் இரும்புக் கம்பியோடு பின்வாசலுக்குப் போவார். ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்டு, செம்மண் கலந்த நீர் பீச்சியடிக்கும்வரை அங்கேயே நிற்பார்.