தரைக்குள் வார்க்கும் தூண்

மலேசியாவின் பெக்கோக் ஊர் வழியாகச் செல்லும் ஜொகூர் ரயில்பாதை 1909இல் திறக்கப்பட்டது. அப்போது ஒற்றைத் தண்டவாளம். இப்போது கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைப் பாதை. வேகமாக ஓடும் ரயிலுக்குக் குறுக்கே சாலை வரக்கூடாது. அதனால் மேம்பாலங்கள் வேண்டும். மேல்மண் பாலத்தைத் தாங்காத இடத்தில் பொறியாளர் கையாளும் வழிகளில் ஒன்று ‘போர்டு பைல்’: மண்ணைத் துளைத்து, துளைக்குள்ளேயே வார்த்தெடுக்கும் கான்கிரீட் தூண்.

ஆயத்தத் தூணைச் சுத்தியலால் அடித்து இறக்குவது சுலபம்தான். ஆனால் மலேசியத் தீபகற்பத்தில் கருங்கல் பரவிய பகுதிகளில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலும் மழையும் பாறையை மண்ணாக்கிவிட்டாலும், சிதையாத உருண்டைக் கற்கள் நடுவே தங்கிவிடுகின்றன. அடித்த தூண் அவற்றில் முட்டி நின்றால், அடிப்பாறையைத் தொட்டுவிட்டதாக ஏமாறலாம். துளையிடும்போதோ எந்த ஆழத்தில் என்ன மண் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கல்லையும் குடைந்து கீழே போகலாம்.

துளை சரியாமல் காப்பது பெண்டோனைட் களிமண் கலந்த நீர். அதன் மட்டத்தை நிலத்தடி நீருக்கு மேலாகவே வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் சுவரைத் தாங்குகிறது. சுவரில் படியும் களிப்படலம் நீர் கசிவதைத் தடுக்கிறது. அடியில் தங்கிய சேற்றை நீக்கி, கம்பிக்கூட்டை இறக்கி, நீண்ட குழாய் வழியே கான்கிரீட்டை அடியிலிருந்து நிரப்புவார்கள். கான்கிரீட் ஏற ஏற, பெண்டோனைட் மேலே வெளியேறும். குழாயின் முனை கான்கிரீட்டுக்குள் எப்போதும் புதைந்தே இருக்க வேண்டும். அதை அவசரப்பட்டு உயர்த்தினால், தூணின் நடுவில் சேறு புகுந்துவிடும்.

பாரம் இரண்டு வழிகளில் இறங்குகிறது: பக்கவாட்டில் மண்ணோடு உண்டாகும் உராய்வு, அடியில் பாறை தரும் தாங்கல். கோலாலம்பூரில் சுண்ணாம்புப் பாறை ஆழத்தில் இருக்கும் இடத்தில், 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்கள் உராய்வையே நம்பி நிற்கின்றன. அங்கே வட்டத் துளைக்குப் பதிலாகச் செவ்வகக் குழிகள் தோண்டப்பட்டன. சில 100 மீட்டருக்கும் ஆழமானவை.

வார்த்த தூணை யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. ஆகவே கம்பிக்கூட்டோடு கட்டிய குழாய்களின் வழியே மீயொலி அனுப்பி உள்ளிருக்கும் வெற்றிடங்களைத் தேடுகிறார்கள். சேறு கலந்த தலைப்பகுதியை உடைத்து அகற்றுகிறார்கள். தேர்ந்தெடுத்த சில தூண்களின் மேல், அவை சுமக்கவேண்டிய எடையைப்போல் இருமடங்கு வரை ஏற்றி, எவ்வளவு இறங்குகின்றன என்று மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அதில் தேறினால்தான் மேலே பாலம் எழும்.