காக்டஸ் இல்லை... கள்ளி! அபூர்வ யூஃபோர்பியாவை காஞ்சிபுரம் வெயிலில் பூக்க வைப்பது எப்படி? பால் கண்ணில் பட்டால் என்ன செய்யணும்?

நர்சரியில் 'காக்டஸ்' என்று சொல்லிக் கொடுத்த தொட்டிச் செடி. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஒரு முனை ஒடிந்து, வெள்ளையாகப் பால் வடிகிறது. அப்படியென்றால் அது காக்டஸாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அது யூஃபோர்பியா. நம்ம ஊர்ப் பெயரில் சொன்னால், கள்ளி.

மொட்டை மாடித் தோட்டக்காரர்களிடம் இந்தச் செடிகளுக்கு இப்போது தனி மவுசு. பந்து போல உருண்டையான ஒபீசா, சேவல் கொண்டை மாதிரி மடிந்து வளரும் லாக்டியா, கொத்துக் கொத்தாகப் பூக்கும் மிலி என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். ஐப்பசி மழையில் பாதி அழுகிப் போகிறது. சிலர் தண்டை வெட்டும்போது பால் கண்ணில் தெறித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தால் இரண்டையுமே தவிர்க்கலாம்.

ஏரிக்கரையில் நிற்பதும் இதே குடும்பம்தான்

உலகம் முழுக்க சுமார் 2,000 யூஃபோர்பியா இனங்கள் இருக்கின்றன. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். தண்டிலேயே தண்ணீரைச் சேமிக்கும் வகைகள் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் அதிகம். ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வறண்ட புதர்க்காட்டிலும் வேலியோரத்திலும் நிற்கும் சதுரக்கள்ளி அதே வகைதான். பென்சில் பென்சிலாகக் குச்சி விடும் திருகள்ளியும் அப்படியே. தண்டை முறுக்கிப் பிழிந்தது போல வளரும் யூஃபோர்பியா டார்ட்டிலிஸ் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் ஆசைப்பட்டு வளர்க்கும் செடி அது.

பெயரிலும் நம்ம ஊர் இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்களின் உதவியோடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சதுரக்கள்ளியும் திருகள்ளியும் அதில் படத்தோடு இருக்கின்றன. 1753-ல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோது அந்த உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்: யூஃபோர்பியா திருகள்ளி.

கோயில் பக்கம் வந்தால், தொண்டை நாட்டுத் தேவாரத் தலங்களில் ஒன்றின் பெயரே திருக்கள்ளில். திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று திருக்கண்டலம் என்று அழைக்கப்படும் ஊர். அங்கே தலமரம் கள்ளி.

அப்போ சப்பாத்திக்கள்ளி? பெயரில்தான் கள்ளி. அது அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ். அதுக்கும் பட்டுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. பட்டுக்கும் கம்பளிக்கும் அடர் சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சி இந்தச் செடியைத்தான் தின்று வாழும். அந்தச் சாயத்துக்காகவே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்திய கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். வியாபாரம் கைகூடவில்லை.

எதிரி வெயில் இல்லை, மழை

இணையத்தில் யூஃபோர்பியா வளர்ப்பு பற்றித் தேடினால் முதலில் வருவது 'கண்ணாடி வீடு'. ஐரோப்பாவுக்கு அது சரி, அங்கே பனியிலிருந்து செடியைக் காப்பாற்றணும். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரத்தில் நாலு பக்கமும் மூடிய கண்ணாடி வீடு கட்டினால் செடி உள்ளேயே வெந்துவிடும்.

இங்கே வேண்டியது ஒரு குடை. அவ்வளவுதான். மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் தெளிவான பாலித்தீன் ஷீட், நாலு பக்கமும் காற்று போக வர திறப்பு. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் அதற்கு மேலே நிழல்வலை. சதுரக்கள்ளி, திருகள்ளிக்கு அந்த வலைகூடத் தேவையில்லை. ஒபீசா போன்ற உருண்டைகளும் நாற்றுகளும்தான் கத்திரி வெயிலில் கருகும்.

தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்திலிருந்து வந்தது ஒபீசா. அதன் வேர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள் கணக்கில் ஈரத்தில் ஊறப் பழகியதல்ல. வேரைச் சுற்றிக் காற்று இல்லாமல் போனால் பூஞ்சை நுழையும். அடித்தண்டு பழுப்பாகி மெத்தென்று அமுங்கும். அந்தக் கட்டத்தில் தண்ணீரை நிறுத்தி மட்டும் பயனில்லை. கிளைத்து வளரும் வகையாக இருந்தால், அழுகாத இடத்துக்கு மேலே வெட்டி எடுத்து, வெட்டுவாயில் தண்ணீர் தெளித்துப் பாலை நிறுத்தி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, காய்ந்த மணலில் நடலாம். உருண்டை ஒபீசா அழுகினால் பெரும்பாலும் போனதுதான்.

மண் கலவையில் பாதிக்கு மேல் தண்ணீரைத் தங்கவிடாத பொருள் இருக்கட்டும்: பெரிய பருக்கை மணல், உடைத்த செங்கல் துண்டு, கரி. மிச்சம் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும். தொட்டி மண் தொட்டியாக இருந்தால் நல்லது, அடியில் தட்டு வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்பார்கள். நாள் கணக்கே தப்பு. ஒரு குச்சியை அடிவரை செருகிப் பாருங்கள், ஈரம் ஒட்டாமல் வந்தால் ஊற்றுங்கள்.

பூ எங்கே இருக்கு?

யூஃபோர்பியா பூ ஒரு ஏமாற்று வேலை. மிலி செடியில் சிவப்பாக, ரோஜாவாகத் தெரிவது இதழே இல்லை. நிறம் மாறிய இலைச்செதில். நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதற்குள் ஒரேயொரு பெண் பூ, சுற்றிலும் ஒற்றை மகரந்தத் தண்டாகச் சுருங்கிப்போன ஆண் பூக்கள். கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரப்பிகள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து.

மிலி நம்ம ஊரில் வருஷம் முழுக்கப் பூக்கும். பூக்கவில்லை என்றால் வெயில் போதவில்லை, இல்லாவிட்டால் தழைச்சத்து உரம் கூடிப்போச்சு என்று அர்த்தம். தாய்லாந்தில் இதையே பெரிய பெரிய பூக்களாக மேம்படுத்தி, ஒரு கொத்தில் எட்டுப் பூ வந்தால் அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிறார்கள்.

ஒபீசாவுக்குப் பொறுமை வேணும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கவே சில வருஷம் ஆகும். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் வரை எது எது என்று தெரியாது. விதை எடுக்க நினைப்பவர்கள் ஒன்றுக்கு நாலு செடியாக வைத்திருப்பது அதனால்தான். ஆண் பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்துப் பெண் பூவில் தடவினால் மூன்று அறை கொண்ட காய் பிடிக்கும். ஆமணக்குக் காய் வெயிலில் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது புரியும். இதுவும் அப்படியே 'டப்'பென்று வெடித்து, மூன்று விதையும் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். முற்றும் முன்பே காய் மேல் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடணும்.

பாலில் விளையாடக் கூடாது

கள்ளிப்பால் என்ற சொல்லைத் தமிழ்நாடு பெண் சிசுக்கொலையோடு சேர்த்தே கேட்டிருக்கிறது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வரக் காரணமான கொடுமை அது. அதே கள்ளியின் பால் மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது. மூலம், பௌத்திரத்துக்கு ஆயுர்வேத மருத்துவர்கள் கட்டும் க்ஷார சூத்திர நூலில் தடவப்படுவது இலைக்கள்ளியின் பால். ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, வீட்டில் செய்து பார்ப்பதல்ல.

தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டால் விஷயம் பெரிசு. கருவிழியும் அதன் உள்பகுதியும் வீங்கும். முதலில் லேசான எரிச்சலாக இருந்து, அடுத்த ஒரு நாளுக்குள் வலியும் மங்கலும் கூடலாம். உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவணும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடக் கூடாது. கழுவியதும் நேராகக் கண் மருத்துவரிடம் போய், எந்தச் செடி என்று சொல்லுங்கள். முடிந்தால் செடியின் போட்டோவைக் காட்டுங்கள். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். தாமதித்தால் நிரந்தரமாகப் போகவும் கூடும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை முடிந்து சோப்பு போட்டுக் கழுவாத கையால் முகத்தைத் தொட வேண்டாம். குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் தொட்டி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

எங்கிருந்து வந்த செடி?

ஒபீசாவுக்கு 1903-ல்தான் அறிவியல் பெயர் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சேகரிப்பாளர்கள் காட்டிலிருந்து அளவில்லாமல் தோண்டி எடுத்துவிட்டார்கள். இன்று சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்கள் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. மடகாஸ்கரின் சில குட்டை வகைகள் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். 2022-ல் திருத்தப்பட்ட இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சைட்டிஸ் பட்டியலை உள்ளே கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பார்சலில் 'சும்மா' வரவழைப்பது அவ்வளவு எளிதான விஷயமில்லை.

சில நர்சரி ரகங்களுக்கு விலக்கு உண்டு. கொண்டை லாக்டியாவை ஒட்டுக் கட்டியிருக்கும் அடித்தண்டைக் கவனித்திருக்கிறீர்களா? அது இலைக்கள்ளி. வளர்ப்பு இலைக்கள்ளியின் மேல் ஒட்டிய கொண்டை, நிற மாற்ற லாக்டியாக்கள் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

ஆன்லைனில் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விதையிலிருந்து தொட்டியில் வளர்ந்த செடி ஒழுங்கான வடிவத்தோடு, சுத்தமாக இருக்கும். காட்டிலிருந்து தோண்டியதில் அடிப்பகுதி தடித்துக் கட்டை தட்டி, தழும்பும் ஆடு மாடு மேய்ந்த வடுவும் இருக்கும், பெரிய வேர்கள் வெட்டப்பட்டிருக்கும். 'ரேர், ஓல்ட் பிளான்ட்' என்று விலை ஏற்றி விற்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் செடியைத்தான்.