தார்ச்சாலைக்கும் செம்மண் பாதைக்கும் ஒரே மோட்டார் சைக்கிளா?

மாணவர்களே, உங்கள் அண்ணன் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்குச் செல்லும் வழியில் 25 கிலோமீட்டர் தார்ச்சாலை. கடைசி 5 கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. வெயிலடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு. “பெரிய இயந்திரமாக வாங்கு, எங்கேயும் போகலாம்” என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியான யோசனைதானா? இயற்பியல் பாடத்தில் நீங்கள் படித்ததே இதற்கு விடை சொல்லும்.

சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓட்டுவதற்கென்றே ஒரு வகை மோட்டார் சைக்கிள் உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘டூவல் ஸ்போர்ட்’ என்பார்கள். 1968ஆம் ஆண்டு அறிமுகமான யமஹா டிடி-1 இந்த வகையைப் பரவலாக்கிய வண்டிகளுள் ஒன்று. அதன் இயந்திரம் 246 சிசிதான்.

டயர் தரையைத் தொடும் இடம்

ஹோண்டா சிஆர்எஃப்300எல் வண்டியின் எடை ஏறக்குறைய 142 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் ஏறினால் மொத்தம் 200 கிலோவைத் தாண்டும். அதாவது, தரையை அழுத்தும் விசை சுமார் 2,000 நியூட்டன்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. டயரில் 200 கிலோபாஸ்கல் காற்று இருந்தால், இரண்டு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு உங்கள் உள்ளங்கை அளவுகூட வராது! காற்றை 100 கிலோபாஸ்கலாகக் குறைத்தால் அந்தப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டராகும். டயரின் விறைப்பால் இந்தக் கணக்கு சற்று மாறலாம், ஆனால் அடிப்படை இதுதான். எடை அகலமாகப் பரவுவதால் சக்கரம் சேற்றில் அதிகம் புதையாது.

அதே குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறும், வண்டி தள்ளாடும். எனவே சாலைக்குத் திரும்பியதும் மறுபடியும் காற்றடிக்க வேண்டும்.

டயரில் இருக்கும் கட்டைகளும் அப்படித்தான். இடைவெளி விட்டு நிற்கும் பெரிய கட்டைகள் சேற்றைக் குத்திப் பிடிக்கும். தார்ச்சாலையிலோ அந்தக் கட்டைகளின் தலை மட்டுமே தரையைத் தொடும். மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது இது ஆபத்து.

பள்ளத்தில் இறங்கினால்

குழியில் விழும் சக்கரத்தின் ஆற்றலை அதிர்வுத் தாங்கி உள்வாங்க வேண்டும். செய்யப்படும் வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கிக் கிடைப்பது. ஆற்றல் ஒன்றேயானால், அதைத் தாங்கும் தூரம் இரட்டிப்பாகும்போது சராசரி விசை பாதியாகும். 130 மில்லிமீட்டர் அமுங்கும் வண்டியைவிட 260 மில்லிமீட்டர் அமுங்கும் வண்டியில் முதுகுக்கும் கைக்கும் அடி குறைவு. சிஆர்எஃப்300எல் வண்டியின் அதிர்வுத் தாங்கிகள் ஏறக்குறைய 260 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியவை.

இந்தச் சௌகரியம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சக்கரம் மேலேறி இறங்க இடம் வேண்டுமல்லவா? அதனால் இருக்கை உயர்ந்துவிடுகிறது. இந்த வண்டியில் அது சுமார் 880 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவரின் கால் தரையில் முழுதாக ஊன்றாது. சரிவில் நிற்கும்போது ஒரு கால் வழுக்கினால் போதும், வண்டி சாய்ந்துவிடும்.

விழுந்தால் யார் தூக்குவது?

இப்போது நண்பர் சொன்ன பெரிய இயந்திரத்துக்கு வருவோம். பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் புகழ்பெற்ற வண்டி. 1,254 சிசி இயந்திரம் கொண்டது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் களைப்பின்றிப் போகலாம். எடை ஏறக்குறைய 249 கிலோ. முதலில் பார்த்த ஹோண்டாவைவிட 107 கிலோ அதிகம். 50 கிலோ சிமெண்டு மூட்டை இரண்டைவிடக் கூடுதல்!

கூடுதல் நிறை என்றால் கூடுதல் நிலைமம். திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிக விசை தேவை. தோட்டத்துச் சேற்றில் தனியாக இருக்கும்போது வண்டி விழுந்தால், அதைத் தூக்க முடியுமா என்பதே கேள்வி. கடினமான டக்கார் பந்தயத்தில்கூட மோட்டார் சைக்கிள்களுக்கு 2011ஆம் ஆண்டிலிருந்து 450 சிசிதான் உச்சவரம்பு.

பிரேக்கிலும் ஒரு முரண்

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். தார்ச்சாலையில், குறிப்பாக மழையில், அது உயிர் காக்கும். உதிரியான சரளையில் நிலைமை வேறு. அங்கே பூட்டிய சக்கரத்தின் முன்னால் கற்கள் குவிந்து வண்டியைத் தடுக்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுழல விடுவதால் அந்தக் குவியல் சேராது. நிற்கும் தூரம் நீளலாம். இதனால்தான் இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. சாலைக்கு வந்ததும் அதைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

அண்ணனுக்கு என்ன சொல்வீர்கள்?

ஒரு பாதைக்கு நல்லது மறுபாதைக்குக் குறையாகிறது. எனவே “எது சிறந்த வண்டி?” என்று கேட்காமல், “என் பயணம் எப்படிப்பட்டது?” என்று கேட்க வேண்டும். அண்ணன் செல்லும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை. எனவே நெருக்கமான கட்டைகள் கொண்ட, சாலைக்கும் ஏற்ற டயர் போதும். ஆனால் அவர் விழக்கூடிய இடம் அந்த 5 கிலோமீட்டர். எனவே எடை குறைந்த, கால் ஊன்றும் உயரமுள்ள வண்டியே அவருக்கு ஏற்றது.

உரிமத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் 16 வயதில் பெறக்கூடிய பி2 உரிமத்துக்கு உச்சவரம்பு 250 சிசி. 286 சிசி கொண்ட சிஆர்எஃப்300எல் அதற்குள் அடங்காது.

செய்து பாருங்கள்: உங்கள் சைக்கிள் டயரில் நன்றாகக் காற்றடித்து, ஓரிடத்தில் சாயம் பூசுங்கள். அந்த இடம் தரையைத் தொடும்படி கட்டம் போட்ட தாளின்மேல் சக்கரத்தை இறக்கி, நண்பர் சைக்கிளைப் பிடித்திருக்க, நீங்கள் ஏறி அமருங்கள். பதிந்த தடத்தின் கட்டங்களை எண்ணுங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். பரப்பு எவ்வளவு கூடியது? அந்தத் தடத்தை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் வளைவில் திரும்புகிறீர்கள்.