சரக்கு வேனின் அடிப்பகுதிக்குக் காப்புத் தகடு

மாட்டு வண்டி நின்ற பல வீட்டு வாசல்களில் இன்று சிறிய சரக்கு வேன் நிற்கிறது. வண்டி மாறியதேயன்றி வண்டிப்பாதை மாறவில்லை. நடுவில் மேடும் இருபுறம் சக்கரத் தடமுமான பாதையில் பாரத்துடன் செல்லும்போது ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்து, என்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப் தரையை நெருங்கி விடுகிறது. அதை உடைக்க ஒரு கல் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் விதை நிலக்கடலை மூட்டைகளுடன் வாடகை வேன் ஒன்றில் செயல்விளக்கத் திடலுக்குச் சென்றேன். ஓடைக் கல்லொன்று சம்பில் இடித்தது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. "இன்னும் ஒரு கிலோமீட்டர்தான், ஓட்டுங்கள்" என்று சொன்னவன் நானே. பாதி வழியில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. உடனே நிறுத்தியிருந்தால் சம்ப்பை மட்டும் மாற்றியிருக்கலாம். வேன்காரருக்கு அந்த அறுவடைப் பருவத்து வாடகை முழுதும் போயிற்று. எங்களுக்கு விதைப்பு ஈரம் போயிற்று. அதன் பிறகுதான் பயிர் நூலை மூடிவைத்துவிட்டுப் பட்டறைகளில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன்.

எந்தத் தகடு?

ஒரு சதுர மீட்டர் அளவுள்ள 3 மி.மீ. இரும்புத் தகடு ஏறத்தாழ 23½ கிலோ எடையிருக்கும். அதே அளவில் 5 மி.மீ. அலுமினியத் தகடு 13½ கிலோதான். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் விலை அதிகம், சாதாரணப் பட்டறையில் பற்றவைக்கவும் முடியாது. கிராமத்துப் பட்டறையிலேயே வளைத்து நிமிர்த்தக்கூடிய இரும்பே நமக்கு ஏற்றது என்பது என் கருத்து. தகட்டின் எடை, ஏற்றக்கூடிய பாரத்தில் குறையும் என்பதை மறக்கலாகாது.

பொருத்தும் முறை

ஜாக்கியை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே உள்ளே செல்ல வேண்டும்.

தகட்டைச் சேஸிஸ் சட்டத்துடன் மட்டுமே இணைக்க வேண்டும். என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் அசைவதால், தகடு அதைத் தொடவே கூடாது. சம்ப்புக்கும் தகட்டுக்கும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விடவும். சட்டத்தில் பற்றவைத்தால் அவ்விடம் வலுவிழக்கும். ஏற்கெனவே உள்ள துளைகளில் 10 மி.மீ. போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் இட்டு முடுக்குவதே முறை.

தகட்டின் முன்விளிம்பு மேல்நோக்கிச் சாய்வாக வளைந்திருக்க வேண்டும். இல்லாவிடில் அது ஏர்க்கொழு போல மண்ணைத் தோண்டும். இரண்டு தகடுகள் தேவைப்பட்டால், முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டுக்குக் கீழே வரவேண்டும். மாற்றி வைத்தால் கல் அந்த விளிம்பில் சிக்கித் தகட்டையே பெயர்த்துவிடும். ஆயில் வடிக்கும் திருகுக்கு நேராக ஒரு துளையும், காற்றும் சேற்று நீரும் வெளியேறச் சில துளைகளும் அவசியம். நானறிந்த ஒருவருக்குப் பட்டறையில் இத்துளையை விட்டுவிட்டார்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் அவர் எட்டு போல்ட்டுகளைக் கழற்றுகிறார்.

வைக்கோலும் உரமும்

புகைக்குழாயின் அடியில் தகடு நீளக்கூடாது. களத்தில் வைக்கோல், சருகு ஆகியன தகட்டின் மேல் சேர்ந்து சூடான குழாயில் பட்டால் தீப்பற்றும். புதிய வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் பகுதி மிகுந்த சூடேறுவதால், களத்திலிருந்து கிளம்புமுன் குனிந்து பார்க்கவும்.

உர மூட்டை ஏற்றுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு ஆகும். சிந்திய உரம் ஈரச் சேற்றுடன் கலந்து தகட்டின் மேல் தங்கினால் இரும்பை விரைவில் அரிக்கும். ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிக்கவும். உழவுச் சேற்றில் ஓடிய அன்றே, இடுக்குகளில் நீரைப் பாய்ச்சிக் கழுவவும். புதிதாகப் பொருத்திய போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் முடுக்கவும்.