ஆற்றின் மூச்சும் பட்டணத்தின் கழிவுநீரும்

தெளிந்து ஓடும் ஆறு தூயது, கலங்கி ஓடும் ஆறு அழுக்கானது என்று கொள்வது உலக வழக்கு. ஆயினும் இஃது எப்போதும் பொருந்துவதன்று. மலைமண் கலந்து செந்நிறமாய் ஓடும் ஆற்றிலும் மீன்கள் வாழ்வதுண்டு. தெளிந்த நீரிலும் அவை செத்து மிதப்பதுண்டு. ஆற்றின் நலத்தை அறிய, அதில் கரைந்துள்ள பிராணவாயுவின் அளவை முதலில் நோக்க வேண்டும்.

வீடுகளின் கழிவுநீரில் மலம், சிறுநீர், உணவுத் துணுக்கு முதலியன கலந்துள்ளன. ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு சிதைக்குங்கால் நீரின் பிராணவாயுவைச் செலவிடுகின்றன. காற்றிலிருந்து ஆறு மீண்டும் பிராணவாயுவைப் பெறும். ஆனால் செலவு வரவை விஞ்சினால் ஆறு மூச்சடைத்துப் போகும். கழிவுநீர் மாதிரியை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் மூடி வைத்து, அது செலவிடும் பிராணவாயுவை அளப்பர். அவ்வளவே பிராணவாயுத் தேவை எனப்படும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 10,000 பேர் வாழும் சிறுபட்டணம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மலேசியாவில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்குங்கால், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்றும், அதன் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றும் கணக்கிடுவது வழக்கம். எனவே ஒரு நாள் கழிவுநீர் 2,250 கனமீட்டர். அதன் தேவை ஏறத்தாழ 560 கிலோகிராம். 30 பாகை வெப்பமுள்ள ஆற்றுநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7½ மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். ஆகவே, ஒரு நாள் கழிவு ஏறத்தாழ 75,000 கனமீட்டர் ஆற்றுநீரின் பிராணவாயு முழுவதையும் உறிஞ்ச வல்லது.

சுத்திகரிப்பு நிலையம் செய்வது யாது? ஆற்றில் நிகழவேண்டிய சிதைவைத் தொட்டிக்குள் முன்கூட்டியே நடத்தி முடிப்பதுதான். கம்பித் தட்டி குப்பையைத் தடுக்கும். அடுத்த தொட்டியில் மணல் படியும். பின்னர்க் காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும். இறுதித் தொட்டியில் அவை வண்டலாய்ப் படியும். தெளிந்த நீர் ஆற்றுக்குச் செல்லும். வண்டலின் ஒரு பகுதியை மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கு அனுப்புவர். இம்முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர்.

மலேசியாவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் அமையும் புதிய நிலையங்கள் விடும் நீரில் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. பிற இடங்களில் வரம்பு 50. இருபதாகக் குறைந்தால், மேற்சொன்ன பட்டணத்தின் 560 கிலோகிராம் 45 கிலோகிராமாகிவிடும்.

இத்துடன் கடமை முடிவதில்லை. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை மாற்றுதற்கு வேறு நுண்ணுயிர்களும், கூடுதல் காற்றும், நேரமும் வேண்டும். அமோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4½ கிராம் பிராணவாயு செலவாகும். விலங்குக் கழிவிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் அமோனியா ஆற்றை அடையலாம். 2014இல் சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் அமோனியா மிகுந்ததால், செராஸ் பத்து 11, புக்கிட் தம்போய் ஆகிய இரு குடிநீர் நிலையங்கள் நிறுத்தப்பட்டன. குழாயில் நீர் நின்ற பின்னரே பலருக்கு ஆற்றின் நினைவு வந்தது.

காற்றூட்டும் பொறி நின்றாலும், வண்டலைக் காலத்தில் அகற்றாவிடினும், நிலையம் வெறும் கால்வாயாகிவிடும். மேலூர் விடும் நீரே கீழூர் குடிக்கும் நீர். இவ்வுண்மையை மாணாக்கர் இளமையிலேயே உணர்வது நன்று.