கலங்கிய நீரும் களிமண்ணும்



மழைக்காலத்தில் தோட்டத்து ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். நேற்று வரை அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய ஓடிய தண்ணீர், ஓர் இரவு மழையில் பால் ஊற்றிய தேநீர்போல் ஆகிவிடுகிறது. அதில் ஒரு வாளி மொண்டு மூலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்குள் அடியில் மணல் தங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீரோ மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கும். மண் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனமானது. அப்படியிருக்க, அது ஏன் அடியில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது? இன்றைக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆற்றிலிருந்து சுமந்து வந்து பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். அம்மா ஒரு படிகாரக் கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு வைத்துவிடுவார். மறுநாள் பீப்பாயின் அடியில் சேறு படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். ஒருமுறை பெருமழைக்குப் பின் என் தங்கைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் முதலில் கேட்டது, "ஏம்மா, தண்ணிய காய்ச்சிக் குடுத்தியா?" என்பதுதான். அம்மா சொன்னார்: "கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருந்துச்சுங்க ஐயா." தங்கை பிழைத்துக்கொண்டாள். அம்மாவின் அந்தப் பதில் மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. தெளிந்த தண்ணீர் ஏன் நோய் தந்தது என்பதையும் போகப்போகப் பார்க்கலாம்.

மண் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல அளவுத் துகள்கள் கலந்துள்ளன. பெரியவை மணல், அதற்கு அடுத்தவை வண்டல். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அதற்கும் சிறியவை களிமண் துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே முப்பது நாற்பது களிமண் துகள்களை வரிசையாக வைத்துவிடலாம்.

நீரில் ஒரு துகள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851இல் கணக்கிட்டுக் காட்டினார். துகளின் பருமன் பாதியானால் வேகம் கால்வாசி ஆகிவிடும். பருமன் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. பொடிமணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். வண்டலுக்குச் சில மணி நேரம் வேண்டும். களிமண்ணில் பெரிய துகளுக்கே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதிலும் சிறிய துகள்கள் இறங்குவதே இல்லை எனலாம். நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்து நாலு பக்கமிருந்தும் அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நீரிலுள்ள பொடித்துகள்களின் இந்த அலைச்சலை 1827இல் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞர் நுண்ணோக்கியின் கீழ் கண்டார்.

சரி, சிறு துகள்கள் ஒன்றோடொன்று முட்டி ஒட்டிக்கொண்டால் பெரிய கட்டியாகி இறங்கிவிடுமே? அப்படி ஒட்டவும் மாட்டேன் என்கின்றன. களிமண் துகளின் உருவம் உருண்டை அன்று. அது பெரும்பாலும் அப்பளம்போல் தட்டையான தகடு. அந்தத் தகட்டின் இரு முகங்களிலும் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே இரண்டு துகள்கள் நெருங்கும்போது ஒட்டாமல் விலகிப் போகின்றன. வாளிக்குள் கோடானுகோடித் துகள்கள் இப்படி ஒன்றையொன்று எட்டி நிற்கச் செய்துகொண்டு இருக்கின்றன. கலங்கல் தெளியாததற்கு இதுவே காரணம்.

இது புத்தகத்து விஷயம் என்று எண்ணவேண்டாம். பால்மரம் சீவியவர்களுக்கு இது கைப்பழக்கம். மங்கில் வடியும் பாலும் இதே மாதிரிச் சரக்குதான். தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துகள்களே பால். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் துகள்களின் அளவும் ஏறக்குறைய களிமண் துகளின் அளவே. அவற்றின் மேலும் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால்தான் பால், பாலாகவே இருக்கிறது. ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் என்ன நடக்கிறது? அமிலத்திலுள்ள நேர்மின் அயனிகள் அந்த ஏற்றத்தைத் தணித்துவிடுகின்றன. தள்ளும் வலு போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்பது இதற்கு நேர் மாறான காரியம். மங்கிலேயே விட்டுவிட்ட பால் புளித்துக் கட்டிப்பால் ஆவதும் அமிலத்தால்தான். கிருமிகள் தாமே அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: ரப்பர் தண்ணீரைவிட இலேசானது, மண் கனமானது. ஆகவே மண் சேர்ந்தால் அடியில் போகும்.

இனிப் படிகாரத்துக்கு வருவோம். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அது நீரில் கரைந்தால் மூன்று பங்கு நேர்மின்னேற்றம் உள்ள அயனியாகிறது. சாப்பாட்டு உப்பிலுள்ள சோடிய அயனிக்கு ஒரு பங்குதான். மூன்று பங்கு என்பதால் மூன்று மடங்கு வேலை என்று கணக்குப் போடக்கூடாது. ஷூல்ட்ஸ், ஹார்டி என்ற இருவரின் ஆராய்ச்சியிலிருந்து வந்த விதிப்படி, அதன் வலு பல நூறு மடங்கு. எனவேதான் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குச் சிறு துண்டு படிகாரம் போதுமானதாக இருக்கிறது. அதோடு அலுமினியம் நீரோடு சேர்ந்து பஞ்சுபோன்ற ஒரு பொருளையும் உண்டாக்கும். அந்தப் பஞ்சு இறங்கும்போது வழியிலுள்ள துகள்களையெல்லாம் வலைபோல் அரித்துக்கொண்டு போகும். நகரங்களின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பதும் இதுவே. அங்கே ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவில்தான் சேர்க்கிறார்கள். அளவுக்கு மேல் போட்டால் துகள்களின் மின்னேற்றமே நேர்மாறாகி, மறுபடி விலகி நின்று கலங்கல் திரும்பிவிடுவதும் உண்டு. சமையலில் உப்பு மாதிரிதான், கை அளவு தெரியவேண்டும்.

கலக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. படிகாரத்தைப் போட்டவுடன் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கவேண்டும். அது எங்கும் பரவவேண்டும் அல்லவா? பிறகு ஐந்து பத்து நிமிடம் மிக மெதுவாகத் துழாவவேண்டும். அப்போதுதான் துகள்கள் ஒன்றையொன்று சந்தித்து ஒட்டிப் பெரிதாகும். பொறுமையில்லாமல் வேகமாகவே கலக்கினால் சேர்ந்த கட்டிகள் உடைந்து போகும். பின்பு அசைக்காமல் விட்டுவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மெல்ல மொண்டுகொள்ளலாம்.

நம் முன்னோர்கள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். கலித்தொகையிலேயே அதற்குக் குறிப்பு உண்டு. முற்றிய முருங்கை விதையின் பருப்பை இடித்துக் கரைத்தாலும் தண்ணீர் தெளியும். அந்த விதையிலுள்ள ஒருவகைப் புரதம் நேர்மின்னேற்றம் உடையது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. லயத்துப் பின்புறத்தில் முருங்கை இல்லாத வீடு உண்டா? குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட இந்நாளிலும் வெள்ளம் வந்து குழாய் நின்றுபோனால் இது பயன்படும். ஆற்றில் கலங்கல் மிதமிஞ்சிப் போகும்போது சுத்திகரிப்பு நிலையத்தையே நிறுத்தி வைக்கவேண்டிய நிலை வருவதுண்டு.

இப்போது அம்மாவின் பதிலுக்கு வருகிறேன். படிகாரம் மண்ணை இறக்கும். மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிகளில் பலவும் கூடவே இறங்கும். ஆனால் எல்லாம் இறங்குவதில்லை. எஞ்சியவை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்குபோலவே இருக்கும். ஒரு குழந்தையைப் படுக்கையில் தள்ள அவை போதும். ஆகவே தெளிய வைப்பது முதல் வேலை; தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைப்பது இரண்டாவது வேலை. கலங்கல் தண்ணீரில் நேரே குளோரின் மருந்து போடுவதும் சரியில்லை. மண் துகளுக்குள் ஒளிந்துகொண்ட கிருமியை மருந்து எட்டாது.

மண் சேறாகிப் படிவதை நம் நாட்டில் பெரிய அளவில் காட்டும் இடங்கள் ஆறுகளின் கழிமுகங்கள். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்று ஆற்றுமுகம் என்று பொருள் சொல்கிறார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் அந்த இடத்திற்கு 1857இல் ஈயம் தேடிப் படகில் வந்தவர்கள் இறங்கினார்கள். அங்கிருந்து கீழே போகும் மண், கடலைச் சேரும்போது என்ன ஆகிறது? கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பின் வலு குறைவு என்றாலும் அளவு மிகுதி. ஆற்றோடு நெடுந்தூரம் மிதந்து வந்த களிமண் அங்கே திரண்டு இறங்கிவிடுகிறது. கோலா சிலாங்கூர்ப் பக்கம் நெடுக விரிந்துள்ள சேற்றுக் கரைகளும், அதில் வளரும் கேராங் சிப்பிகளும், சதுப்புக் காடுகளும் இதன் பயனாய் வந்தவை.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு பங்கு நம் மலைச்சரிவுகளிலிருந்துதான். களிமண்ணின் எதிர்மின்னேற்றம்தான் அமோனியம், பொட்டாசியம் போன்ற உரச் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆறு செந்நிறமாக ஓடும்போது உரமும் சேர்ந்து ஓடுகிறது. மரங்களுக்கிடையே கொடிப்பயிர் வளர்ப்பதும், சரிவில் குழிவெட்டி வைப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. இதைக் குழந்தைகளையும் அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

கலங்கல் கெட்டியாகிச் சேறானால் அதன் ஓட்டமே வேறாகிவிடும். தண்ணீரைச் சாய்த்தால் உடனே ஓடும். கெட்டிச் சேறோ சும்மா இருக்கும்போது திடப்பொருள்போல் நிற்கும். அசைத்தால் இளகி ஓடும். விட்டுவிட்டால் மீண்டும் இறுகும். உறைந்த தயிரைக் கரண்டியால் கலக்கினால் இளகுவதைப் பார்த்திருக்கிறீர்கள். தயிர் திரும்ப இறுகாது, களிமண் இறுகும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சீட்டுக்கட்டால் கட்டிய வீடுபோல் நிற்கின்றன. அசைத்தால் வீடு சரிகிறது. ஓய்வு கொடுத்தால் மெல்ல மறுபடி கட்டிக்கொள்கிறது.

நார்வே நாட்டில் ரிஸ்ஸா என்னும் ஊரில் 1978 ஏப்ரல் 29ஆம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு காலத்தில் கடலடியில் உப்பு நீரில் படிந்த களிமண் இப்போது நிலமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீர் ஊறி அந்த உப்பைக் கழுவிவிட்டது. சீட்டு வீடு மட்டும் நின்றது. ஒரு விவசாயி கொட்டகை கட்டத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்தார். அந்தப் பாரத்தில் கரை சரிந்தது. சரிவு பின்னோக்கிப் பரவி 33 ஹெக்டர் நிலம் கூழாக இளகி ஏரிக்குள் ஓடியது. வீடுகள் நின்ற வாக்கில் மிதந்து போயின. ஒருவர் உயிரிழந்தார்.

நம் நாட்டில் அந்த வகை மண் இல்லை. ஆனால் ஈயலம்பங்கள் விட்டுச் சென்ற சேற்றுக்குட்டைகள் உண்டு. பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. 1982இல் வேலையை நிறுத்தியது. 1985இல் ஈய விலை விழுந்தபின் மற்ற லம்பங்களிலும் பெரும்பாலானவை மூடப்பட்டன. மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துக்கொண்டபின், மணல் கழிவுநீர் விழும் இடத்திலேயே தங்கிவிடும். களிமண் மட்டும் தூரத்துத் தாழ்ந்த மூலைக்குப் போய்ச் சேரும். அங்கே மேலே வெயில் பட்டு ஓடு கட்டி வெடித்திருக்கும், புல்லும் முளைத்திருக்கும். அடியில் பல ஆண்டுகள் ஆனாலும் கூழ்தான். மீன் பிடிக்கப் போகும் பையன்கள் மணல் கரையில் நடந்த தைரியத்தில் அந்தப் பக்கமும் கால் வைத்தால் ஓடு உடையும். கால் உதற உதறச் சுற்றியுள்ள சேறு இன்னும் இளகும். ஆள் இன்னும் இறங்குவான். ஆகவே அந்தப் பக்கம் போகவே கூடாது. தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் உதறாமல், பின்பக்கம் சாய்ந்து கைகளை அகல விரித்து, கால்களை மெதுவாக இழுக்கவேண்டும். பார்த்தவர்கள் ஓடிப்போய் இறங்கிவிடாமல் பலகையோ ஏணியோ போட்டுத் தூரத்திலிருந்தே இழுக்கவேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. மூன்று கண்ணாடிப் போத்தல்களில் ஆற்றுக் கலங்கல் நீரை நிரப்புங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி உப்பு. மூன்றாவதில் பயற்றளவு படிகாரத்தைப் பொடித்துப் போட்டு, நான் சொன்னபடி கலக்குங்கள். மூன்றையும் யாரும் தொடாத இடத்தில் வைத்துவிட்டு, எது முதலில் தெளிகிறது, எந்தப் போத்தலின் அடிச்சேறு பஞ்சுபோல் தடித்திருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை பிள்ளைகளை எழுதிவரச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் மூன்றாவது போத்தலை மெல்லச் சாய்த்து, அடிச்சேறு எப்படி நகர்கிறது என்பதையும் பாருங்கள். அந்தத் தண்ணீரை மட்டும் யாரும் குடிக்கவேண்டாம்.