நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்து: மதங்கள் வைக்கும் நிபந்தனை

சர்க்கரை நோயால் பாத நரம்புகள் பழுதானவர்களுக்கு ராத்திரிதான் கொடுமை. போர்வை நுனி பட்டாலே கால் எரியும். அக்கி வந்து ஆறிய பிறகும் சிலருக்கு விலா ஓரத்தில் மாதக்கணக்கில் ஊசி குத்தும். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. வலியைச் சொல்லியனுப்பும் நரம்பே கெட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் வெளிநாட்டில் கொடுக்கிறார்களாமே என்று கஞ்சா எண்ணெய் பற்றி விசாரிக்கிறார்கள்.

விசாரிப்பவர்களில் ஒரு சாரார் 'அது பாவமாயிற்றே' என்று பின்வாங்குகிறார்கள். இன்னொரு சாரார் 'சிவ மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்' என்கிறார்கள். இரு சாராருமே மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் கவலை.

புத்தர் அனுமதித்த எண்ணெய்

பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் மதி மயக்கும் பொருள்களைத் தடுக்கிறது. ஆனால் அதே பௌத்தத்தின் துறவு விதிநூலான விநய பிடகத்தில், மகாவக்கத்தின் மருந்துப் பகுதியில், ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிலிந்தவச்சர் என்ற துறவிக்கு வாத நோய். எண்ணெய் காய்ச்ச வேண்டும், அதில் மது சேர வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். புத்தர் அனுமதிக்கிறார். உடனே சில துறவிகள் மதுவை அதிகமாக ஊற்றிக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போதையில் கிடக்கிறார்கள். அதன் பிறகு விதி இறுகுகிறது: மதுவின் நிறமோ மணமோ சுவையோ தெரியாத அளவுக்குத்தான் எண்ணெயில் சேரலாம். அளவு மீறிக் காய்ச்சியதைக் குடிக்கக் கூடாது, உடம்பில் தேய்த்துக்கொள்ளலாம்.

இதில் பேசப்படுவது கஞ்சா அல்ல, மது. ஆனாலும் எனக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறெங்கும் கிடைக்கவில்லை. நோய் இருக்க வேண்டும், வைத்தியர் சொல்லியிருக்க வேண்டும், அளவு போதைக்குக் கீழே நிற்க வேண்டும். பௌத்த நாடான தாய்லாந்து 2019-இல் மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி தந்தது. 2022-இல் பொதுவாகவே தடையைத் தளர்த்தியது. 2025-இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வந்தது.

காபி குடிக்காதவர்கள் எழுதிய விதி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் திருச்சபைக்குப் பெரும் செல்வாக்கு. அதன் உறுப்பினர்கள் மது, புகையிலை மட்டுமல்ல, காபியும் தேநீரும் தொடக் கூடாது. 2018-இல் மருத்துவக் கஞ்சா வாக்கெடுப்புக்கு வந்தபோது திருச்சபை எதிர்த்தது, மக்கள் ஆதரித்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை நடந்து, கட்டுப்பாடுகளோடு ஒரு சட்டம் வந்தது. அதைத் திருச்சபையும் ஏற்றது. உரிமம் பெற்ற மருத்துவர் தேவை என்று சொன்னால், அவர் குறித்த அளவிலும் முறையிலும் உட்கொள்ளலாம் என்கிறது அதன் கையேடு. புகைப்பதை மட்டும் ஏற்பதில்லை.

யூத மதத்தில் ராபி மோஷே ஃபைன்ஸ்டீன் 1973-இல் கஞ்சா கூடாது என்று தீர்ப்பளித்தார். 2015 இறுதியில் ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பு, நியூயார்க்கில் நோயாளிகளுக்கு விற்கும் மருத்துவக் கஞ்சா தயாரிப்புகளுக்கு, யூத உணவு விதிக்கு உட்பட்டவை என்பதற்கான கோஷர் முத்திரை தந்தது. இஸ்லாத்தில் போதை தரும் எதுவும் விலக்கப்பட்டதே. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கு உண்டா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சீக்கிய ஒழுக்க நெறி, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கைத் தடுக்கிறது. ஆனால் அதே மதத்தின் நிஹாங் பிரிவினரிடம் அதை அருந்தும் மரபு உண்டு.

சிவராத்திரி பாங்கும் நம் சட்டமும்

காசியில் அரசு உரிமத்தோடு பாங்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. சிவராத்திரியன்று அது பிரசாதம்போலக் கை மாறும். பக்திக்கு அது போதும், சிகிச்சைக்குப் போதாது. ஒரு டம்ளர் பாங்கில் போதைச் சத்து எவ்வளவு என்று கலக்குபவருக்கே தெரியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. தனி இலையை அந்த வரையறையில் சேர்க்கவில்லை. இந்த இடைவெளியை நம்பி நம் ஊரில் யாரும் பொட்டலம் வாங்கிவிட வேண்டாம். வழக்கு நிச்சயம், கலப்படமும் இருக்கலாம்.

பலன் எவ்வளவு?

நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்து பற்றி 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, 16 சோதனைகளில் பங்கேற்ற 1,750 பேரின் விவரங்களைத் தொகுத்தது. வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, கஞ்சா மருந்து எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு. வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 17 சதவீதம். தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம் போன்ற நரம்பு சார்ந்த பக்கவிளைவுகள் 61 சதவீதம் பேருக்கு வந்தன. வெற்று மருந்தில் 29. பலன் சிறிது, தொந்தரவு பெரிது. வயதானவர்கள் தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். மனச்சிதைவு வந்தவர்களும், வீட்டில் அந்நோய் உள்ளவர்களும் கிட்டவே போகக் கூடாது.

கஞ்சாவை யோசிப்பதற்கு முன்னால் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரிகாபலின், காபாபென்டின் என்று வரிசையாக மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சரியான அளவில், சில வாரம் விடாமல் எடுத்துப் பார்க்காமலேயே 'எதுவும் கேட்கவில்லை' என்று முடிவு கட்டுகிறார்கள் பலர்.

கூச்சமில்லாமல் கேளுங்கள்

நம்பிக்கை சார்ந்த தயக்கத்தை மருத்துவரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பிரிகாபலின் பெரும்பாலும் கேப்ஸ்யூலாக வருகிறது. அதன் கூடு மாட்டு, பன்றி ஜெலட்டினாக இருக்கக்கூடும். இதனாலேயே யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டு வலியோடு இருப்பவர்கள் உண்டு. காபாபென்டின் மாத்திரையாகவும் கிடைக்கிறது. நோன்பு மாதத்தில் வேளை மாற்ற வேண்டுமென்றாலும் முன்கூட்டியே கேளுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், வலி இன்னும் மோசமாகும். ஏற்கெனவே பாங்கோ கஞ்சா எண்ணெயோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். உங்களுக்கு எழுதப்போகும் அடுத்த மாத்திரையின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.